வாயில் வராத பெயர்

ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் சின்னது, அதற்குப் பின்னால் அதைவிடக் கொஞ்சம் பெரியது, அப்புறம் இன்னும் பெரியது, கடைசியில் எல்லாவற்றிலும் பெரியது, ஆறும் மாடிப்படியில் இறங்கி வருகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக, திரும்பவும் முதலிலிருந்து, திரும்பவும். நான் சர்ச் கல்லறைத் தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், என் வீட்டுக்காரர் என் இடப்பக்கம், அவர் கை என் கைக்குள். அப்பா கையை விட்டுராதே அம்மா என்று காரில் ஏறும்போதுகூடத் திருமலை சொல்லிவிட்டுத்தான் போனான். அவனும் வினோதினியும் பேத்தியை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள், மத்தியானம் வந்துவிடுவார்கள், அதுவரைக்கும் இந்த ஊரில் தமிழ் பேசுகிறவர்கள் நானும் இவரும்தான், அதிலும் இவருக்குத் தெரிந்த தமிழ் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வருகிறது. இங்கிலாந்து என்றால் பெரிய பெரிய கட்டடமும் ரயிலும் கூட்டமும் என்று நினைத்துத்தான் விமானம் ஏறினேன், என் மகன் வீடு வாங்கியிருப்பதோ நாலு தெரு, ஒரு சாராயக்கடை, ஒரு சர்ச், ஊரைவிட ஆடு அதிகம். ஊருக்கு ஒரு பேர் இருக்கிறது, எழுதுவது ஒன்று சொல்வது ஒன்று, நான் சொன்னால் பேத்தி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். சர்ச் கோபுரத்தையும் அவள்தான் எனக்குக் காட்டினாள், பாட்டி டவர் டவர் என்று. கோபுரமாம். ஒரு பொம்மை கிடையாது, ஒரு கலசம் கிடையாது, சாம்பல் கல்லைச் சதுரமாக அடுக்கி அப்படியே விட்டுவிட்டார்கள், எழுநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்கிறான் திருமலை, எழுநூறு வருஷத்தில் ஒருத்தனுக்கும் ஒரு யாளி வைக்கத் தோன்றவில்லை. மேலே நாலு பக்கமும் சாய்வாகப் பலகை அடித்த ஜன்னல், அந்தப் பலகைச் சந்து வழியாகத்தான் இந்தச் சத்தம் வருகிறது. அங்கே தொங்குகிற சாமான்களுக்குத் தமிழில் என்ன பேரோ அதுதான் என் வீட்டுக்காரர் பேரும். சொல்ல மாட்டேன். கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து சொன்னதில்லை. ஊர் உலகமெல்லாம் அந்த வார்த்தையைச் சொல்லித்தான் நேரம் கேட்கும், நான் மட்டும் எத்தனை ஆச்சு என்று கேட்பேன். கோயிலில் தீபாராதனைக்கு அடிப்பதை அடிக்கிறது என்பேன். அடுத்த வீட்டுப் பையன் பேரில் முன்பாதி இவர் பேர், பின்பாதி வண்ணன், நான் வண்ணன் வண்ணன் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடைசியில் தெருவே அவனை வண்ணன் ஆக்கிவிட்டது, அவன் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து இது யார் என்று கேட்டவர்கள்கூட உண்டு. வினோதினி கோயம்புத்தூர்க்காரி, அவளுக்கு இதெல்லாம் வேடிக்கை. "அத்தை, மனசுக்குள்ளயாச்சும் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். சொல்ல மாட்டேன். மனசுக்குள் சொன்னால் சொல்லாதது ஆகிவிடுமா என்ன.

சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து அடிக்கிறது. பெரியது அடிக்கும்போது பெஞ்சுப் பலகை லேசாக அதிர்கிற மாதிரி இருக்கிறது, அல்லது என் முழங்கால்தானோ என்னவோ. அவர் கை என் கைக்குள் இறுகுகிறது, இதோ சொல்லப் போகிறார் என்று நினைக்கிறேன், சொல்கிறார், வண்டி வருது என்று. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதுதான். செங்கோட்டைப் பாதையில் சின்னச் சின்ன ஸ்டேஷன்களாக மாற்றி மாற்றிப் போட்டார்கள் இவரை, ஸ்டேஷன் மாஸ்டர் என்று பேர், பிளாட்பாரத்தில் ஆளைவிட ஆட்டுக்குட்டி அதிகமாக இருக்கும், அந்த விஷயத்தில் மட்டும் இந்த ஊர் அந்த ஊர்தான். வாசலில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருப்பார்கள், பக்கத்து ஸ்டேஷனிலிருந்து வண்டி கிளம்பியதும் போர்ட்டர் அதை அடிப்பான், அந்தச் சத்தம் கேட்டதும் சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் எழுந்து சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு பச்சைக்கொடியை எடுத்துக்கொண்டு போவார். எத்தனை நாள் ரசம் சாதம் பிசைந்தது பிசைந்தபடி கிடந்திருக்கும். இப்போது எல்லாம் மறந்தாச்சு, மகன் பேர் மறந்தாச்சு, குளித்தோமா இல்லையா என்பது மறந்தாச்சு, அந்த எழுந்து போகிறது மட்டும் மறக்கவில்லை. வண்டி வருது என்று எழப் பார்ப்பார், நான் கையைப் பிடித்து, அது கூட்ஸ், இங்க நிக்காது, உக்காருங்க என்பேன், உட்கார்ந்துவிடுவார். இன்றைக்கும் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க எந்த ஊரும்மா?" என்று கேட்டார். ரொம்ப மரியாதையாகக் கேட்பார், எந்தப் பொம்பளையிடமும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை இவர். பொங்கலுக்கு முன்னால் ஒரு தடவை முதன்முதலாக இப்படிக் கேட்டபோது விளையாடுகிறார் என்று நினைத்து, நான் லண்டன் ராணி, நீங்க யாரு என்றேன். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி அடுப்படியில் நின்று அழுதேன், அழுகிற சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டு. அதற்குப் பிறகு அழுவதில்லை. கடையநல்லூர் என்று சொல்லுவேன். அப்படியா, நமக்கும் அந்தப் பக்கம்தான் என்பார். நமக்கும் அந்தப் பக்கம்தான் என்று இன்றைக்கும் சொன்னார், நல்லதுங்க என்றேன். என்னத்தைச் சொல்ல. பெண்டாட்டி என்று தெரியாவிட்டாலும் ஊர்க்காரி என்றாவது தெரிகிறதே.

இப்போது மாற்றுகிறார்கள். கொஞ்ச நேரம் ஒழுங்காகப் படியிறங்கும், அப்புறம் யாரோ ஏதோ சொல்வார்கள் போல, இரண்டாவது மூன்றாவதுக்குப் பின்னால் போகும், ஐந்தாவது நாலாவதுக்கு முன்னால் வரும், எதற்குப் பின்னால் எது என்று எனக்குத் தவறிப்போகும். ஆறும் அங்கேதான் இருக்கின்றன, ஒன்றும் குறையவில்லை, முறைதான் போய்விட்டது. இவர் தலைக்குள்ளும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். ஸ்டேஷன், மகன், ரசம் சாதம், நான், எல்லாம் இருக்கும், எதற்குப் பின்னால் எது என்பதுதான் போயிருக்கும். அடிக்கிறவர்களுக்குத் தலைவி ஒரு அம்மாள், ஹேசல் என்று பேர், குட்டையாக, கனமாக, சிவந்த கன்னம், ஒருநாள் வாசலில் நின்று திருமலையிடம் ரொம்ப நேரம் பேசினாள், அவன் எனக்கு மொழிபெயர்த்தான். இந்த ஊரில் அந்தச் சாமான்கள் எல்லாம் பொம்பளையாம். அவள் அவள் என்றுதான் சொல்லுவார்களாம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, என் வீட்டுக்காரர் பேர் இங்கே வந்து சேலை கட்டிக்கொண்டு நிற்கிறது. நம் ஊரில் மாதிரி வாய் கீழே பார்த்துத் தொங்குவதில்லையாம், கயிற்றை இழுத்து இழுத்துத் தலைகீழாகத் தூக்கி வாய் ஆகாசத்தைப் பார்க்கிற மாதிரி நிறுத்திவைப்பார்களாம், அங்கிருந்து ஒரு சுற்று சுற்றி மறுபடியும் மேலே போய் நிற்குமாம். அப்படி நிற்கும்போது மேலே யாரும் போகக்கூடாது, விரலால் தொட்டால் போதும், ஒரு காரளவு கனம் சாய்ந்து வரும், ஆள் இருந்த இடம் தெரியாது என்று ஹேசல் கையைக் கொட்டிக் காட்டினாள். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இதென்ன, பூட்ஸுக்குள் ஒரு கல். நடைபாதை முழுக்கச் சரளைக்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள், திருமலை வாங்கிக் கொடுத்த இந்தப் பூட்ஸுக்குள் எப்படித்தான் நுழைகிறதோ, குதிகாலில் குத்துகிறது, ஒரு கையால் கழற்ற வரவில்லை. குனிந்து, பட்டையைப் பிரித்து, காலுறையைத் தட்டி, கல்லை எடுத்து எறிந்து, மறுபடி பட்டையை ஒட்டி, நிமிர்ந்து இடப்பக்கம் கையை நீட்டுகிறேன், கை இல்லை.

கை இல்லை, ஆள் இல்லை. பெஞ்சில் அவர் உட்கார்ந்த இடம் இன்னும் சூடாக இருக்கிறது, அதைத் தடவிப் பார்க்கிறேன், பைத்தியக்காரி மாதிரி, சூட்டைத் தடவினால் ஆள் வந்துவிடுவாரா. இந்தாருங்க என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆறும் தலைக்கு மேலே இடிக்கின்றன, முன்னும் பின்னுமாக, பெரியது நடுவில் எங்கேயோ. இந்தாருங்க, இந்தாருங்க. கல்லறைகளுக்கு நடுவில் ஓடுகிறேன், ஓடுகிறேன் என்று நினைப்புதான், நடக்கிறேன். கல்லெல்லாம் சாய்ந்து கிடக்கிறது, பாசி பிடித்து, பேர் அழிந்து, ஒரு கல்லுக்குப் பின்னால் சாம்பல் நிறம் தெரிய அவர் கோட்டு என்று போனால் இன்னொரு கல். சர்ச்சுக்குப் பின்னால் ஓடை இருக்கிறது. ஓடையில் முழங்கால் தண்ணீர்தான், முழங்கால் தண்ணீர் போதும். சாலையில் கார்கள் வளைவில் திரும்பும்போது சத்தமே இல்லாமல் வருகின்றன, இந்த ஊர்க் கார்களுக்கு ஹாரன் அடிக்கத் தெரியாது. ஓடையா சாலையா. எந்தப் பக்கம் முதலில் போக. ஓடைப் பக்கம் போகும் நேரத்தில் சாலைக்குப் போய்விட்டால். ஒரு வெள்ளைக்காரி நாயைப் பிடித்துக்கொண்டு வருகிறாள், ஹஸ்பண்ட், மை ஹஸ்பண்ட் என்கிறேன், அவள் காதைக் காட்டி மேலே காட்டிச் சிரிக்கிறாள், சத்தம் அழகாக இருக்கிறது என்று நான் சொன்னதாக நினைத்துக்கொண்டு தலையை ஆட்டிவிட்டுப் போகிறாள். நாயாவது என்னைத் திரும்பிப் பார்த்தது. திருமலைக்கு என்ன பதில் சொல்லுவேன். அப்பா எங்கம்மா என்று கேட்பான், பூட்ஸில் கல் இருந்தது என்று சொல்லுவேனா. வண்டி வருது என்றார். கூட்ஸ் என்றேன். நம்பவில்லை போலிருக்கிறது, இத்தனை ஞாயிற்றுக்கிழமை நம்பினவர் இன்றைக்கு நம்பவில்லை, முப்பது வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவருக்குக் கூட்ஸ் எது பாசஞ்சர் எது என்று நான் சொல்லித் தெரிய வேண்டுமா. வண்டிக்குத்தான் போயிருக்கிறார். அப்படியானால் ஓடையும் இல்லை, சாலையும் இல்லை, சத்தம் எங்கே இருந்து வருகிறதோ அங்கே. கோபுரத்துக்கு அடியில் ஒரு சின்னக் கதவு, குனிந்துதான் நுழைய வேண்டும், எப்போதும் சாத்தியே இருக்கும், இன்றைக்குத் திறந்திருக்கிறது. நிலைக்கு வெளியே அவர் கைத்தடி. ஆபீசுக்குள் போகும்போது குடையை வெளியே சாத்தி வைத்துவிட்டுப் போகிறவர், தடியையும் அப்படியே ஒழுங்காகச் சாத்தி வைத்திருக்கிறார். கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் ஹேசல் கையைக் கொட்டிக் காட்டியது ஞாபகம் வந்தது, குனிந்து உள்ளே நுழைந்தேன்.

உள்ளே இருட்டு. படி சுற்றிச் சுற்றிப் போகிறது, ஒவ்வொரு படியும் நடுவில் தேய்ந்து குழிந்திருக்கிறது, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு, வலது கால் வைத்து இடது கால், வலது கால் வைத்து இடது கால், முழங்கால் கத்துகிறது, கத்தட்டும். சுவரில் கை வைத்தால் சுவர் ஆடுகிறது. நிஜமாகவே ஆடுகிறது, கல் கோபுரம் லேசாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகிறது, எனக்குத்தான் தலை சுற்றுகிறதா, முருகா, இரண்டும்தான். இதில் எப்படி ஏறினார் அவர், வீட்டில் மாடிப்படி ஏற நாலு தடவை நிற்கிற மனிதர். மேலே வெளிச்சம், ஒரு வாசல், வாசலுக்கு உள்ளே அறை. ஆறு பேர் வட்டமாக நிற்கிறார்கள், ஆறு கயிறுகள் கூரையிலிருந்து இறங்குகின்றன, கயிற்றில் கம்பளி சுற்றின பாகம் சிவப்பும் நீலமுமாக மேலே போகிறது, கீழே வருகிறது, ஒருத்தரும் பேசவில்லை, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு இழுக்கிறார்கள். அவர் இங்கே இல்லை. மூலையில் இல்லை, கதவுக்குப் பின்னால் இல்லை. படி இந்த வாசலைத் தாண்டி இன்னும் மேலே போகிறது. நான் நிறுத்துங்க என்று கத்தினேன், தமிழில்தான் கத்தினேன், இங்கிலீஷ் அந்த நேரத்துக்கு எங்கே வருகிறது, நிறுத்துங்க, நில்லுங்க. ஹேசல் என்னைப் பார்த்தாள், கை கயிற்றை விடவில்லை, கண் மட்டும் என் மேல், என் முகத்தில் என்ன தெரிந்ததோ, ஸ்டாண்ட் என்று ஒரு சத்தம் போட்டாள். ஸ்டாண்ட் என்றால் நில் என்று எனக்குத் தெரியும், பேத்தி பள்ளிக்கூடத்து விளையாட்டில் சொல்லுவாள், நான் கத்தியதும் நில்லுங்கதான், அவள் சொன்னதும் நில்தான், அதற்காக ஒரு மயிரிழை நேரம் ஆறுதலாக இருந்தது. ஒன்று நின்றது, இரண்டு நின்றது, ஒவ்வொன்றாக, கடைசியில் பெரியது ஒரு தடவை அடித்து நின்றது. காதுக்குள் மட்டும் இன்னும் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஹஸ்பண்ட், என்றேன், மேலே கையைக் காட்டினேன், ஹஸ்பண்ட், அப், அப். புரிந்துவிட்டது. ஆறு பேர் முகமும் ஒரே நேரத்தில் வெளுத்துப் போனது. ஒரு நெட்டை மனிதரைப் பார்த்து ஹேசல் ஏதோ கேட்டாள், அவர் வாயைப் பொத்திக்கொண்டார், காலையில் எண்ணெய் போடப் போனவர் மேல் கதவைப் பூட்டாமல் வந்துவிட்டார் போல. ஹேசல் தன் கயிற்றைப் பக்கத்து ஆளிடம் கொடுத்தாள், மற்றவர்கள் கயிற்றை விடாமல் அப்படியே நின்றார்கள். ஹேசல் என் தோளைப் பிடித்து, மெதுவாக, குழந்தையிடம் கேட்கிற மாதிரி கேட்டாள். பேர். அவர் பேர் என்ன. வாட் இஸ் ஹிஸ் நேம், லவ்.

பேர். பேரைக் கேட்கிறாள். ஆஸ்பத்திரியில் கேட்பார்கள், ரேஷன் கடையில் கேட்பார்கள், எப்போதும் பக்கத்தில் யாராவது இருப்பார்கள் சொல்லுவதற்கு, யாரும் இல்லாவிட்டால் சுவரில் மாட்டியிருக்கிற கடிகாரத்தைக் காட்டி அதுல எத்தனைன்னு சொல்லுவாங்கல்ல அது என்பேன், கோயிலில் அடிப்பாங்கல்ல அது என்பேன், குமாஸ்தா சிரித்துக்கொண்டு எழுதிக்கொள்வான். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சொல்லு, சொல்லித் தொலை, ஆள் மேலே நிற்கிறார். நாக்கு வரவில்லை. கை தானாக மேலே போனது, பழக்கம், ஐம்பது வருஷப் பழக்கம், கயிற்றைக் காட்டினேன், கயிறு போகிற கூரையைக் காட்டினேன், அதுதான், அதுதான் பேர். அவளுக்கு விளங்கவில்லை, ஆமாம் மேலேதான் இருக்கிறார், பேர் என்ன என்கிறாள். இங்கிலீஷில் சொன்னால் தோஷம் இல்லை என்று எங்கிருந்தோ தோன்றியது, இங்கிலீஷில் அது அவர் பேரே இல்லையே. "பெல்," என்றேன். "ஹிஸ் நேம் பெல்." ஹேசல் முகம் தெளிந்தது. இந்த ஊரில் அப்படி ஒரு குடும்பப் பேரே உண்டாம், அதெல்லாம் அப்புறம் திருமலை சொல்லித் தெரிந்தது, அப்போது அவள் தெளிந்த முகத்தைப் பார்த்து அப்பாடா என்று இருந்தது எனக்கு. விறுவிறுவென்று படியேறிப் போனாள், நான் பின்னால், வலது கால் வைத்து இடது கால். மேலே அவள் குரல் கேட்கிறது. மிஸ்டர் பெல். மிஸ்டர் பெல், டியர். மிஸ்டர் பெல். என்ன காரியம் செய்துவிட்டேன். அவர் எப்படித் திரும்புவார். பிறந்ததிலிருந்து ஒருத்தர் அவரை அப்படிக் கூப்பிட்டது கிடையாது, எனக்குச் சங்கடமாக இருக்கிறது என்று அவர் பேரை மாற்றிவிட்டேன், உயிர் போகிற நேரத்தில். மிஸ்டர் பெல். நான் போய்ச் சேருவதற்குள் ஹேசல் வாசலில் அசையாமல் நின்றிருந்தாள், உதட்டில் விரல். உள்ளே போகாதே, தொடாதே, நோ டச், என்று மூச்சுக் காற்றாலேயே சொன்னாள். அவள் உள்ளே காலை வைத்தால் அவர் திடுக்கிட்டு எதையாவது பிடிப்பார், அதுதான் பயம், அது எனக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலேயே விளங்கியது. நீ கூப்பிடு என்று வாயில் கை வைத்துக் காட்டினாள்.

பலகைச் சந்து வழியாக வெயில் கோடு கோடாக விழுகிறது. பெரிய பெரிய மரச் சட்டங்கள், அவற்றுக்கு நடுவில் ஆறும் வாயை மேலே காட்டிக்கொண்டு நிற்கின்றன, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆள் உயரத்துக்கு ஒரு மரச் சக்கரம். அவர் நடுவில் நிற்கிறார். இரண்டு சட்டத்துக்கு நடுவில் ஒரு ஒற்றை உத்தரத்தின் மேல், கோட்டுப் பித்தான் எல்லாம் போட்டுக்கொண்டு, இடது கையில் கைக்குட்டையைக் கொடி மாதிரி பிடித்துக்கொண்டு. எல்லாவற்றிலும் பெரியது அவர் தோளுக்குப் பக்கத்தில் நிற்கிறது, அதன் சக்கரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார், வண்டி நின்றதும் குனிந்து சக்கரம் பார்ப்பாரே அப்படி. வலது கை சக்கரத்தை நோக்கி எழுந்து பாதியில் நிற்கிறது. தொட்டால் போச்சு. "இந்தாருங்க," என்றேன். மெதுவாக, ரசம் ஆறுது என்று சொல்கிற மாதிரி. அவர் திரும்பாமலே சொன்னார், "தள்ளி நில்லுங்கம்மா. வண்டி கெளம்பல இன்னும்." இந்தாருங்க, நாந்தான் என்றேன். "டிக்கெட் எடுத்தாச்சா?" என்றார். பிளாட்பாரத்தில் நிற்கிற யாரோ ஒரு அம்மாள். கை இன்னும் ஒரு விரல்கடை மேலே போனது. இந்தாருங்க என்று ஊரில் எல்லாப் பொம்பளையும்தான் கூப்பிடுகிறாள், யாரோ யாரையோ கூப்பிடுகிறாள் என்று எத்தனை தடவை இவர் திரும்பாமலே போயிருக்கிறார் சந்தையில், ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும் என்று ஒருநாள் கோபமாகக்கூடக் கேட்டார், உங்க ஆயுசு குறையும் என்றேன். ஆயுசு குறையும் என்றுதான் அம்மா சொல்லித் தந்தாள். சொன்னால் குறையும். சொல்லாவிட்டால் இதோ, ஒரு விரல்கடைதான் இருக்கிறது. என்ன கணக்கு இது, யார் போட்ட கணக்கு, தலைக்குள் எல்லாம் இடம் மாறி மாறி அடிக்கிறது, அம்மா, தாலி, ஆயுசு, மிஸ்டர் பெல். உதடு மூடியது. மூடின உதட்டைத் திறந்தால் போதும், மிச்சம் தானாக வரும். திறந்தேன்.

"மணி."

கை நின்றது. யாரோ சொன்ன மாதிரி இருந்தது எனக்கு, என் குரல் அந்தக் கல் அறைக்குள் போய் ஆறு வாயிலும் மோதி லேசாகத் திரும்பி வந்தது. இன்னொரு தடவை சொன்னேன், மணி, இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக, மணி, இங்க பாரு. பாருங்க என்று சொல்ல வரவில்லை, பேரைச் சொன்ன வாய்க்கு மரியாதை எங்கே ஒட்டுகிறது. அவர் திரும்பினார். ஆறு மாதமாக நான் பார்க்காத முகம், நெற்றிச் சுருக்கம் எல்லாம் போய், பிடிபட்ட பிள்ளை முகம்.

"என்னக்கா?" என்றார்.

அக்கா. சங்கரவடிவு மதினி. இவருக்குத் தாய் இல்லை, அந்த அக்காதான் வளர்த்தது, இடுப்பில் தூக்கி, சோறு ஊட்டி, அடித்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி. பேர் சொல்லிக் கூப்பிட்ட பொம்பளைக் குரல் அந்த ஒரு குரல்தான் இவர் காதில் இருக்கிறது. மதினி செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. நான் பேர் சொன்னதும் அக்கா வந்துவிட்டாள். பெண்டாட்டி வரவில்லை. பெண்டாட்டி அந்தப் பேரைச் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லையே, எப்படி வருவாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுகிற நேரமா இது, ஹேசல் என் முதுகில் கை வைத்திருந்தாள். மதினி எப்படிக் கூப்பிடுவாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசல்படியில் நின்று, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி. கை வைத்துக்கொண்டேன்.

"ஏல மணி, அங்க என்னல செய்த? எதையும் தொடாம வா."

"சக்கரம் பாக்கேன்க்கா."

"பாத்தது போதும். கைய ரெண்டையும் நெஞ்சுல கெட்டிக்கிட்டு வா. சோறு போட்டாச்சு."

கைகளைக் கட்டிக்கொண்டார். வாத்தியார் முன்னால் நிற்கிற மாதிரி கட்டிக்கொண்டு, உத்தரத்தின் மேல் ஒரு அடி வைத்தார். பெரியதின் விளிம்புக்கும் அவர் முழங்கைக்கும் நடுவில் ஒரு இட்லி கனம்கூட இல்லை. இன்னொரு அடி. அவர் காலைப் பார்த்து நடக்கவில்லை, என் முகத்தைப் பார்த்துத்தான் நடந்தார், என் முகத்தில் அவர் யாரைப் பார்த்தாரோ அவளுக்குப் பயந்து, அவளை நம்பி, சரியாக அடி வைத்து வந்தார். வாசலுக்கு வந்ததும் கோட்டுக் கையைப் பற்றி இழுத்தேன், இழுத்த வேகத்தில் இரண்டு பேரும் சுவரில் மோதிக்கொண்டோம், ஹேசல் எங்களைத் தாண்டிப் போய்க் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டி, அதன் மேல் சாய்ந்து நின்றுகொண்டு அழ ஆரம்பித்தாள். மிஸ்டர் பெல், ஓ, மிஸ்டர் பெல் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அவர் அவளுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

படியிறங்கினோம். நான் முன்னால், அவர் பின்னால், அவர் கை என் தோளில். சுவர் இப்போது ஆடவில்லை. மணி, பாத்து வா, குழிஞ்சிருக்கு என்றேன், தேவையே இல்லாமல் இன்னொரு தடவை சொன்னேன், மணி, வலது கால வை. கெட்டதற்குப் பிறகு என்ன, ஆயுசு குறைவதானால் இந்நேரம் குறைந்திருக்கும், குறையாமல் என் தோளில் கனமாகக் கை போட்டுக்கொண்டு இறங்கி வருகிறது. பாதிப் படியில் நின்றுவிட்டார். என்ன என்று திரும்பினால், இருட்டில் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, ரகசியமாகச் சொன்னார்.

"அக்கா, நான் மேல ஏறுனத பிரமுட்ட சொல்லிராத."

பிரமு நான்தான். ஆறு மாதமாக அந்தப் பேர் இவர் வாயில் வந்து நான் கேட்கவில்லை. ஏன், சொன்னா என்ன செய்வா என்று கேட்டேன், மதினி குரலில்தான் கேட்டேன்.

"பயந்துருவா. பாவம், ரொம்பப் பயந்தவ அவ."

கீழே கதவு வழியாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. என் தோளில் இருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்ல மாட்டேம்ல," என்றேன். "எறங்கு."